அக்கா உண்டாக்கிய நேயர்

அக்காவுக்குக் காலி நாற்காலியைக் கண்டால் ஆகாது. அதில் யாரையாவது உட்கார வைத்தே தீர வேண்டும். ஆள் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் அவரே ஓர் ஆளை உண்டாக்கி, பேர் வைத்து, ஊர் சொல்லி உட்கார வைத்துவிடுவார். கேட்டால், "சும்மா கெடக்குற எடந்தானே தம்பி, யாருக்கு என்ன நட்டம்?" என்பார். நட்டம் எல்லாம் எனக்குத்தான். திண்டுக்கல்லில் ஒரு சின்ன ரேடியோ நிலையத்தில் அவர் மைக்குக்கு முன்னால், நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிக்கருவிக்கு முன்னால். சில வருடங்கள் அப்படிக் காலையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இப்போது வேறு ஊரில் கல்யாண வீடியோக்களுக்குச் சத்தம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே யாரும் என்னைப் பொய்யில் மாட்டிவிடுவதில்லை. அதனாலேயே சில நாள் அலுப்பாக இருக்கிறது.

அக்கா பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், பாடுவார், ரேடியோவில் பேசுவார். காதுகுத்து, கடை திறப்பு, பழனிக்கு நடந்து போகிறவர்களின் பாட்டு, வார்டு தேர்தல் என்று எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஒரே தேர்தலில் எதிரெதிராக நின்ற இருவருக்கும் பாட்டுப் போட்டுக் கொடுத்தார். இரண்டிலும் பின்னால் கோஷ்டியாகப் பாடிய முப்பது தாய்மார்கள் அக்கா ஒருவர்தான். அவரிடம் ஒரு பழைய கீபோர்டு இருந்தது. அதில் ஒரு கட்டை அழுத்தினால் சத்தம் வராது. அதனால் அவர் மெட்டுகள் எல்லாம் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகும். ஊரில் அதை 'அக்கா ஸ்டைல்' என்று பாராட்டினார்கள். ரிப்பேர் செய்யலாமே என்றால் அடிக்க வருவார்.

இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று ஒருமுறை கேட்டேன். சின்ன வயதில் ஒரு கச்சேரிக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாராம். ஒரு திருவிழாவில் கூடப் பாட வேண்டிய ஆண் பாடகர் வரவில்லை. குழுத் தலைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா மேடையேறி, வலப்பக்கம் திரும்பிப் பெண் குரலிலும், இடப்பக்கம் திரும்பி ஆண் குரலிலும் ஜோடிப் பாட்டு முழுவதையும் பாடி முடித்தார். "கைதட்டுனாங்க பாரு, அம்புட்டுக் கைதட்டு! அந்த ஆளு வந்துருந்தா பாதிதான் எனக்குக் கெடைச்சிருக்கும்" என்றார்.

அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்போம். அத்தாவின் செருப்புக் கடைக்கு அவர் போட்டுக் கொடுத்த விளம்பரத்தை நான் மறக்கவே முடியாது. 'காலு வலிக்குதா? காலை மாத்த முடியாது, கடையை மாத்து' என்று பாட்டு. நடுவில் வாடிக்கையாளர்கள் பேசுவார்கள். ஒரு போலீஸ்காரர், ஒரு கல்லூரிப் பெண், முழங்கால் வலிக்கு எங்கள் கடைச் செருப்பைத் தவிர வேறு தொடாத ஒரு மதுரை டீச்சர். எல்லாம் அக்காதான். ஒரு மாதம் கழித்துக் கடைக்கு வந்த ஒரு அம்மா, "அந்த மதுரை டீச்சர் போடுற மாடலைக் குடுங்க" என்று கேட்க, அத்தா என்னை முறைத்துவிட்டு ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா மறுபடி வந்து, டீச்சர் சொன்னது சரிதான் என்றார். அதற்குப் பிறகு அத்தா அக்காவைக் குறை சொல்வதை விட்டுவிட்டார்.

இதையாவது விளம்பரம் என்று விடலாம். நான் வேலைக்குச் சேருவதற்கு வெகுநாள் முன்பு, ஒரு காதுகுத்துக்குப் பாட்டுக் கேட்டு அவரிடம் வந்தார்களாம். பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தத் தாய்மாமன் வேண்டும். பிள்ளையின் தாய்க்கோ கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. அவ்வளவுதான். அக்கா பாட்டில் ஒரு தாய்மாமனை விமானத்தில் வரவழைத்து, சங்கிலியும் பட்டுப்பாவாடையும் கொடுத்து இறக்கிவிட்டார். பந்தலில் பாட்டைப் போட்டதும் சனமெல்லாம் மாமனைத் தேடியது. "துபாய்ல லீவு கெடைக்கல" என்று அந்தக் குடும்பம் சொன்னது. பத்து வருடம் கழித்து அதே பிள்ளை பெரியவளானபோது, அழைப்பிதழில் அந்த மாமன் பேரை அச்சடித்தே விட்டார்கள். அக்கா அதை எனக்குக் காட்டிக் கெக்கலித்துச் சிரித்தார்.

ரேடியோவில் அவருக்குக் காலையில் ஒரு மணி நேரம். நேயர்கள் போனில் பேசலாம் என்று பேரு. இந்தக் காலத்தில் யார் ரேடியோவுக்குப் போன் செய்கிறார்கள்? விளக்கு எரியாமலே கிடக்கும் போனை அக்கா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தார். வாய்க்கு முன்னால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "அலோ, அலோ! குஜிலியம்பாறைப் பக்கமிருந்து பொன்னுச்சாமி பேசுறேன் தாயி" என்று ஒரு கரகரத்த ஆண் குரலை எடுத்துவிட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வணக்கம் ஐயா, நல்லாருக்கீங்களா?" என்று தன் குரலில் கேட்டார். போன் சத்தம் வேண்டுமென்றால் நான் கம்ப்யூட்டரிலேயே செய்து தருவேன் என்றேன். "டம்ளர்ல இருக்குற உசுரு அதுல வராது" என்றார்.

பொன்னுச்சாமி மானாவாரி விவசாயி. மழைக்குக் காத்திருக்கிறவர். பஸ் நிறுத்தத்தில் பஸ் நிற்பதில்லை என்பார். ஒற்றைக் கொம்பு ஆடு ஒன்று வளர்த்தார். யார் கூப்பிட்டாலும் அசையாது என்பதால் அதற்குத் தாசில்தார் என்று பேர். எல்லாவற்றுக்கும் மேலே, தன் சம்சாரம் வைக்கிற குழம்பைப் பற்றித் தினம் ஒரு புலம்பல். "தாயி, நேத்து வெச்ச கொழம்புல கரண்டியப் போட்டேன், நட்டமா நிக்குது தாயி!" அதைக் கேட்டு நிஜமான போன்கள் வர ஆரம்பித்தன. ஒருவர் குழம்புக்குப் பக்குவம் சொன்னார். இன்னொருவர் தாசில்தாருக்கு ஜோடி ஆடு தருகிறேன் என்றார். பஸ் நிற்க ஆரம்பித்துவிட்டது என்றுகூட யாரோ சொன்னார்கள். எந்த நிறுத்தத்தில் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் நிலையத்தின் செயலாளர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆட்டின் பேர் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பொன்னுச்சாமியைப் பிடித்திருந்தது. அவருக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ரேடியோவில் இல்லாததை இருக்கிறது என்று சொல்லக் கூடாது. பிறந்தநாள் வாழ்த்துகளைச் சொந்தமாகத் தயாரித்து வாசித்த ஒருவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் அவர். அக்காவுக்கு அது தெரியும். அந்தக் காலை நேரம் போய்விட்டால் அவருக்கு வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். புருஷன் விட்டுப் போய் வெகுகாலம். வீட்டில் கீபோர்டும் அவரும்தான். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி இல்லாததால் அன்றைக்கு அவர் முகம் காய்ச்சல்காரர் முகம் மாதிரி இருக்கும்.

ஆண்டு விழா நெருங்கியது. சிறந்த நேயரை நேயர்களே வாட்ஸ்அப்பில் தேர்ந்தெடுக்கலாம் என்று செயலாளர் அறிவித்தார். யார் ஜெயித்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"பொன்னுச்சாமிக்கு மேடையில சால்வை போடுறோம். வரச் சொல்லிருங்கம்மா" என்று செயலாளர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"உண்மையச் சொல்லிருங்கக்கா" என்றேன்.

"சொல்லிட்டு? நாளைக்குக் காலையில நான் எங்க போயி உக்கார?" என்றார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் பயத்தைப் பார்த்தேன்.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை, நம் அன்பு நேயர் பொன்னுச்சாமி தூக்கத்திலேயே காலமாகிவிட்டார் என்று அறிவித்துவிட்டார். எனக்கே அப்போதுதான் தெரியும். கையோடு, முந்தின நாள் வீட்டிலேயே பதிவு செய்து வைத்திருந்த பாட்டைப் போடச் சொன்னார்.

'மானாவாரிக் காடெல்லாம் மழை பாத்து நிக்கையில
மண்ணு பாத்து நடந்த சாமி மறுபடி எப்ப வாரீரு?'

பத்துப் பெண்கள் மாரடித்து அழுகிற மாதிரி பத்துக் குரல். சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட நல்ல பாட்டு அவர் எழுதியதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் தேம்பினார். தான் பெற்று, தானே சாகடித்து, தானே ஒப்பாரி வைத்த மனுஷி! பாட்டு ஊரெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடியது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், என் புத்தியை எதால் அடிப்பது?

பிரச்சினை முடிந்தது என்று அக்கா நினைத்தார். ஒன்றை மறந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம், துக்கத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. மதியம் செயலாளர் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். மடித்த கையில் பெரிய செண்டிப்பூ மாலை. "வேன் சொல்லியாச்சு. கெளம்புங்க. ரெண்டு வருசமாப் பேசுன மனுசன், ஒரு மாலை போடாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

வேனில் செயலாளர் முன்சீட்டில் மாலையோடு உட்கார்ந்தார். பின்னால் நானும் அக்காவும். எரியோடு என்கிற ஊர் தாண்டும் வரை அக்கா இரண்டு முறை டீ கேட்டார், ஒரு முறை தலைசுற்றல் என்றார். எதுவும் எடுபடவில்லை. ஊர் பேர் கேட்டதற்கு, "குஜிலியம்பாறைக்கு இந்தப் பக்கம்னு சொன்ன ஞாபகம் சார்" என்றார். "ரேடியோவுல பேசுற ஆளு, எங்க கேட்டாலும் சொல்லுவான்" என்று ஒரு டீக்கடையைப் பார்த்ததும் செயலாளரே இறங்கிவிட்டார். நாங்கள் வேனுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மாட்டிக்கொண்டோம் என்று நான் கண்ணை மூடினேன்.

டீக்கடைக்காரர் குரல் கேட்டது. "ரேடியோ பொன்னுச்சாமியா? அந்தா, வேப்பமரத்துக்குப் பக்கத்து வீடு."

அக்கா என் கையைக் கிள்ளினார். "டே தம்பி, இருக்காராமேடா!"

வேப்பமரத்தடியில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்து நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஆடு கட்டிக் கிடந்தது. அதற்கு ஒரு கொம்புதான் இருந்தது. மற்றது தானாக ஒடிந்ததா, ஒடிக்கப்பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பொன்னுச்சாமி ஐயா வீடு..." என்று செயலாளர் தயங்கினார்.

"நான்தேன். என்ன சங்கதி?"

"ரேடியோவுல பேசுற பொன்னுச்சாமி..."

அவர் எங்களுக்குப் பின்னால் பார்த்தார். டீக்கடையே எழுந்து பின்னால் வந்திருந்தது. அவர் கை கடலையிலேயே நின்றது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அக்கா காலி. ஆமாம் என்றால் என்ன ஆகும் என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் அக்கா முன்னால் வந்து, "ஐயா, என்னையத் தெரியுதா?" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் எழுந்து நின்றார். "தெரியாம என்ன தாயி? தெனம் பேசுறோம். ஏந்தாயி, என்னையக் கொன்னுபுட்ட?"

"யாரோ போன்ல தப்பாச் சொல்லிட்டாங்க ஐயா. மன்னிச்சுக்கங்க" என்றார் அக்கா, கூசாமல்.

ஊர் ஆரவாரம் செய்தது. செயலாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, ஆண்டு விழாவுக்கு வந்து சால்வை வாங்கிக்கொள்ளச் சொன்னார். "போன்ல கேக்குறதுக்கும் நேர்ல கேக்குறதுக்கும் குரல் வேற மாதிரில்ல இருக்கு?" என்றார். போனில் எல்லாருக்கும் அப்படித்தான் சார் என்று நான் சொன்னேன். செத்தவருக்கு வாங்கிய மாலையை உயிரோடு இருப்பவருக்குப் போடக் கூடாது என்று அதை ஓரமாக வைத்தார்கள். தாசில்தார் அதைத் தின்றது.

மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் அக்காவைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். நானும் போனேன்.

"நீங்க ஏன் ஐயா ஆமான்னீங்க?" என்றார் அக்கா.

"மொத மொதல்ல டீக்கடையில ஒருத்தன், 'என்ன பொன்னுச்சாமி, ரேடியோவுல வெளுத்து வாங்குற'ன்னான். நான் இல்லப்பான்னு சொல்லத்தேன் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள எனக்கு ஒரு டீ வந்துருச்சு. அதுக்கு முந்தி அந்தக் கடையில எவனும் எனக்கு டீ சொன்னதில்ல தாயி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க பேசுங்க, நான் கேக்குறேன். ஒன்னே ஒன்னு. அந்தக் கொழம்பு சங்கதிய மட்டும் விட்டுருங்க. நீங்க அங்க கொற சொல்லுறீங்க, இங்க எனக்கு ரெண்டு வருசமா வெறும் ரசந்தேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை டம்ளருக்குள்ளிருந்து பொன்னுச்சாமி உயிரோடு வந்தார். "எமலோகத்துலயும் பஸ் நிக்கல தாயி, திரும்பிட்டேன். நேத்து எஞ்சம்சாரம் கருவாட்டுக் கொழம்பு வெச்சா பாருங்க, அதுக்காகவே இன்னொரு தடவ சாகலாம்!" அதற்குப் பிறகு இரண்டு பாட்டு ஓடுவதற்குள் போன் விளக்கு எரிந்தது. நேயர் போன் வந்தால் முதலில் நான் எடுத்து விசாரிப்பேன். ஒரு பெண் குரல். "நான் பொன்னுச்சாமி சம்சாரம்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அக்காவிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அது எங்க வீட்டுக்காரரு இல்லன்னு எனக்கு மொதல்ல இருந்தே தெரியும் தாயி. அவருக்குப் போன்ல நம்பர் போடத் தெரியாது. நான்தேன் போட்டுக் குடுக்கணும்."

"அப்புறம் ஏம்மா ரசம் மட்டும்...?"

"ஒரு நாளாச்சும், 'நான் அப்படிச் சொல்லல புள்ள'ன்னு வாயத் தொறக்குறாரான்னு பாத்தேன். டீக்கு ஆசப்பட்டு அம்புட்டையும் தாந்தேன் சொன்னதா ஒத்துக்கிட்டாரு. இன்னைக்குக் கருவாட்டுக் கொழம்பையும் ஒத்துக்கிட்டாரு. நீ என்ன சொன்னாலும் மாட்டேங்க மாட்டாரு. அதனால இனிமே நான் சொல்லுறதச் சொல்லு."

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா."

அவர்களுக்கு ஒரே மகள். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வேலைக்குப் போகிற ஒரு பையனைத் தானாகக் கட்டிக்கொண்டு போனவள். நாலு வருடமாக அப்பன் அவள் பேரைக்கூடச் சொல்வதில்லையாம். பேரன் பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். அந்த அம்மா அழவில்லை. உப்புப் புளிக் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். அழுதது அக்கா.

மறுநாள் பொன்னுச்சாமி ரேடியோவில் சொன்னார்: "வார வெள்ளிக்கெழம ஆயக்குடிக்குப் போறேன் தாயி. எம்மகளப் பாத்து நாளாச்சு. வீராப்பு எதுக்கு? பேரப்பய கையப் பிடிச்சு நடக்கணும்." அதோடு சரி. ஊர் மீதியைப் பார்த்துக்கொண்டது. டீக்கடையில், "என்ன, வெள்ளிக்கெழம ஆயக்குடியாமே?" என்று கேட்காதவர் இல்லையாம். பஸ் நேரம் சொன்னவர்கள், பேரனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தவர்கள் வேறு. சொல்லவில்லை என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை.

சனிக்கிழமை காலை அக்கா டம்ளரைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. எதையும் ஜோடிக்கத் தயங்காதவர் அன்றைக்கு ஜோடிக்க மாட்டேன் என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "அந்த அம்மா நம்பருக்குப் போடு" என்றார். நேரலையில்தான். நான் கையெடுத்துக் கும்பிட்டும் கேட்கவில்லை.

அந்த அம்மா எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"ஐயா, போனீங்களா?"

"போனேன் தாயி."

பின்னால் ஒரு குழந்தை கத்தியது. "கூட்டியாந்துட்டேன் தாயி. எங்கூட... எம்மடியிலதேன்..." அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. அக்காவுக்கும் வரவில்லை. ஒலிபரப்பில் வெறும் அழுகைச் சத்தம் போகிறது, நான் பாட்டைப் போட மறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு செயலாளர் வந்தார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"யாரும்மா அது? நேத்து வரைக்கும் கரகரன்னு வெளுத்து வாங்குன பொன்னுச்சாமியா இப்படித் திணறுவாரு? ஆளை மாத்தி வெச்சு நடிக்க வைக்கிறீங்களா? இந்த ரேடியோவுல பொய் மட்டும் ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"தப்புத்தான் சார். திங்கக்கெழமையிலேர்ந்து பழைய ஆளையே பேசச் சொல்லிர்றேன்."